ஐரோப்பாவில் மறுமுழுக்காளர் எழுச்சி

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே தோன்றிய சமயச் சீர்திருத்த இயக்கத்தைப் பற்றிக் கூறுவோர், மார்ட்டின் லூதர், சுவிங்லி, கால்வின் ஆகிய மூவரையும் எடுத்துரைத்து, அத்துடன் நிறுத்திவிடுவது வழக்கம். உரோமாபுரிப் போப்பாண்டவரின் ஆட்சி ஒருபுறம், அதனை எதிர்த்து நின்ற சீர்திருத்தக்காரர் மறுபுறம் என இரண்டு அணிகளாகவே அவ்வரலாறு பள்ளி நூல்களில் காட்சியளிக்கின்றது. ஆனால் இவ்விரு அணிகளிலும் சேராத மூன்றாவது கூட்டத்தார் ஒரு சாரார் அக்காலத்தே வாழ்ந்தனர். அவர்களுள் கற்றறிந்தோரும் துறவறம் நீத்தோரும் சிலர் இருந்தனர். பெரும்பாலோரோ நெசவாளர், தையற்காரர், செருப்புத் தைப்போர், உழவர் முதலிய எளிய மக்களே. ஒன்றையொன்று பகைத்து நின்ற கத்தோலிக்கரும் லூதரைச் சார்ந்தோரும் ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபட்டனர். அஃது இம்மூன்றாம் கூட்டத்தாரை அடக்கி ஒழிக்க வேண்டும் என்பதாகும்.

இவர்களை அனபாப்டிஸ்டுகள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 'அனா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'மீண்டும்' என்பது பொருள். ஆகவே இப்பெயரை மறுமுழுக்காளர் எனத் தமிழில் கூறலாம். இஃது அவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. பகைவர் இட்ட பெயராகும். குழந்தைப் பருவத்தில் தலையில் ஊற்றப்பட்ட நீர் திருமுழுக்கே ஆகாது என்பதும், அறிவறிந்த பின்னர் தானே விரும்பிப் பெறுவதே முதலாவதும் உண்மையானதுமான திருமுழுக்கு என்பதும் அவர்தம் கொள்கை. எனவே தாங்கள் எவருக்கும் 'மறுமுழுக்கு' அளிக்கவில்லை என்றே அவர்கள் வாதாடினர்.

குழந்தைக்கு நீர் தெளிப்பதா, வளர்ந்தவருக்கு நீர் தெளிப்பதா என்னும் சிறு வேறுபாட்டிற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், அக்காலச் சமுதாய அமைப்பைச் சற்று அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

திருமுழுக்கும் குடியுரிமையும்

இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை வேறு, நாடு வேறு என்னும் எண்ணமே மக்களிடம் இல்லை. ஓர் ஊரில் பிறந்த குழந்தை, பிறந்த சில நாட்களுக்குள் திருமுழுக்குப் பெற்றது. அந்த ஒரு சடங்கினாலேயே அது திருச்சபையின் உறுப்பாகவும் ஊரவருள் ஒருவராகவும் ஆயிற்று. ஊரார் அனைவரும் ஒரே கோயிலைச் சார்ந்தவர். அனைவரும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அக்கோயிலுக்கு வரியாகச் செலுத்தினர். அனைவரும் ஆண்டுதோறும் ஆட்சியாளர்முன் ஆணையிட்டுப் பணிவை உறுதி செய்தனர். லூதரும் சுவிங்லியும் போப்பாண்டவரின் தலைமையை மறுத்தனரேயன்றி, இவ்வமைப்பை மறுக்கவில்லை. போப்பாண்டவர் இருந்த இடத்தில் சிற்றரசனும் நகரமன்றமும் வந்தமர்ந்ததே அவர்தம் சீர்திருத்தத்தின் விளைவாயிற்று.

இந்நிலையில், "சமயம் என்பது ஒருவன் ஆய்ந்து தெளிந்து ஏற்க வேண்டிய ஒன்று, பிறப்பினால் வந்து சேருவதன்று" என ஒருவர் கூறினால், அதன் பொருள் என்ன? ஊர் முழுவதும் ஒரே சபையாக இருக்க முடியாது. விரும்பியோர் மட்டுமே சபையாகக் கூடுவர். விரும்பாதோரை அரசன் வற்புறுத்துதல் தகாது என்பதே பொருளாகும். குழந்தையின் தலையில் ஊற்றும் நீரை மறுத்தவர்கள், சமுதாயக் கட்டுக்கோப்பின் அடித்தளத்தையே அசைத்தனர் என்பதை ஆட்சியாளர் உடனே உணர்ந்துகொண்டனர்.

உழவர் கிளர்ச்சியும் முன்ட்சரும்

1517-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் விட்டன்பர்க் நகரில் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார். அதன்பின் நான்கைந்து ஆண்டுகளுக்குள்ளேயே, அவரினும் விரைந்து செல்ல விரும்பியோர் தோன்றிவிட்டனர். 1521-ஆம் ஆண்டின் இறுதியில் சுவிக்கௌ என்னும் ஊரிலிருந்து விட்டன்பர்க்கிற்கு வந்த சிலர், இறைவன் தங்களிடம் நேரே பேசுவதாகக் கூறினர். குழந்தை முழுக்கையும் ஐயுற்றனர். லூதர் மறைவிடத்திலிருந்து 1522-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திரும்பி வந்து, இவ்வேகத்தைத் தடுத்து நிறுத்தினார்.

இவ்வேகத்திற்கு உருக்கொடுத்தவர் தாமஸ் முன்ட்சர் என்னும் பாதிரியார். ஏட்டிலுள்ள எழுத்தினும் உள்ளத்தில் எழும் இறைக்குரலே பெரிது என்பது அவர் கொள்கை. 1524-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சாக்சனிச் சிற்றரசர் முன்னிலையில் அவர் ஆற்றிய சொற்பொழிவில், தீயோரை அழிக்க அரசர் வாளெடுக்க வேண்டும் என்றும், எடுக்கத் தவறினால் அவ்வாள் அவர் கையினின்றும் பறிக்கப்படும் என்றும் எச்சரித்தார். அவ்வாண்டே தென் ஜெர்மனியில் உழவர் கிளர்ச்சி மூண்டது. 1525-ஆம் ஆண்டு மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் உழவர் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள், தங்கள் ஊர்ப் பாதிரியாரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாவதாக இடம்பெற்றது. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 1525 மே 15-இல் பிராங்கன்ஹவுசன் என்னுமிடத்தில் சிற்றரசர் படைகள் உழவரைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தன. முன்ட்சர் பிடிபட்டு, அம்மாதம் 27-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார்.

முன்ட்சர் மறுமுழுக்காளர் அல்லர். அவர் எவருக்கும் மறுமுழுக்கு அளித்ததாகச் சான்றில்லை. எனினும் அவர் மூட்டிய வெப்பம் மறுமுழுக்காளர் சிலரிடம் தொடர்ந்தது. பிராங்கன்ஹவுசனில் இருந்து உயிர் தப்பிய ஹான்ஸ் ஹூட் என்னும் நூல் வணிகர், மறு ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் முழுக்குப் பெற்று, தென் ஜெர்மனி, ஆஸ்திரியா எங்கும் இக்கொள்கையைப் பரப்பினார்.

சூரிச் நகரில் தோற்றம்

இயக்கத்தின் மற்றோர் ஊற்றுக்கண் சுவிட்சர்லாந்திலுள்ள சூரிச் நகரில் தோன்றியது. அங்கே 1519-ஆம் ஆண்டு முதல் சமயப்பணி ஆற்றிய சுவிங்லியைச் சுற்றி, விவிலியத்தை மூல மொழிகளிலேயே பயின்ற இளைஞர் குழு ஒன்று திரண்டது. நகரின் உயர்குடியிற் பிறந்த கொன்ராட் கிரேபெலும், எபிரேய மொழி வல்ல பீலிக்ஸ் மான்சும் அவர்களுள் முதன்மையானவர். 1523-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற சொற்போரில் கோயிற் சிலைகளும் பூசையும் விவிலியத்திற்கு ஒவ்வாதவை என முடிவாயிற்று. ஆனால் அவற்றை எப்பொழுது நீக்குவது என்பதை நகரமன்றமே அறுதியிடட்டும் எனச் சுவிங்லி விட்டுவிட்டார். இளைஞர்கட்கு இது பெரும் ஏமாற்றமாயிற்று. இறைவன் சொல்லால் முடிவான ஒன்றை நிறைவேற்ற மன்றத்தின் இசைவு எதற்கு என்று அவர்கள் வினவினர்.

1524-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிரேபெல் முன்ட்சருக்கு ஒரு மடல் எழுதினார். அவர்தம் துணிவைப் பாராட்டிய அம்மடல், நற்செய்தியை வாளால் காத்தல் கூடாது என இடித்துரைக்கவும் செய்தது. வாளெடுத்தோர்க்கும் வாள் மறுத்தோர்க்கும் இடையே இருந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது என்பதற்கு இம்மடல் சான்றாகும்.

குழந்தை முழுக்கைப் பற்றிய சொற்போர் 1525 சனவரி 17-இல் நடந்தது. இளைஞர் தோற்றனர் என மன்றம் தீர்ப்புக் கூறியது. எட்டு நாட்களுக்குள் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்காதோர் நகரை விட்டு வெளியேற வேண்டும் என ஆணை பிறந்தது. சனவரி 21-ஆம் நாள் மாலை, மான்சின் தாயார் இல்லத்தில் சிலர் கூடினர். பிளௌராக் எனப்பட்ட முன்னாள் பாதிரியாராகிய கியோர்க் தமக்கு முழுக்கு அளிக்குமாறு வேண்ட, கிரேபெல் அளித்தார். பின்னர் பிளௌராக் ஏனையோர்க்கு அளித்தார். மறுமுழுக்காளர் இயக்கம் அன்றிரவே பிறந்தது என்பர்.

மன்றம் முதலில் தண்டமும் சிறையும் விதித்தது. அவை பயன்படாமற் போகவே, 1526 மார்ச்சு 7-இல், இனி முழுக்கு அளிப்போர் நீரில் மூழ்கடிக்கப்படுவர் என அறிவித்தது. கிரேபெல் அவ்வாண்டிலேயே கொள்ளை நோயால் இறந்தார். 1527 சனவரி 5-ஆம் நாள் பீலிக்ஸ் மான்ஸ், கைகள் முழங்காலோடு பிணிக்கப்பட்டு, லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். கரையில் நின்ற அவர் தாயும் உடன்பிறந்தாரும் உறுதி குலையாதிருக்குமாறு அவரை ஊக்கினர் என அக்கால வரலாறு கூறுகின்றது. நீரால் குற்றம் செய்தவனுக்கு நீராலேயே தண்டனை என்பது ஆட்சியாளர் கருத்து. அன்றே பிளௌராக் வேற்றூரார் ஆதலின் கசையடியுடன் துரத்தப்பட்டார். இரண்டாண்டுகட்குப் பின் டிரோல் நாட்டில் எரிக்கப்பட்டார்.

வாளும் ஆணையும்

தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்த வேளையில், சிதறிய கூட்டத்திற்கு ஓர் அமைப்புத் தேவையாயிற்று. 1527-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் ஷ்லைத்ஹைம் என்னும் சிற்றூரில் கூடியோர் ஏழு விதிகளை வகுத்தனர். முழுக்கு, தவறியோரைச் சபையினின்று விலக்குதல், அப்பம் பகிர்தல், உலகத் தீமையினின்று ஒதுங்குதல், மேய்ப்பரைத் தேர்தல், வாளேந்தாமை, ஆணையிடாமை என்பன அவ்வேழு. இவ்விதிகளை வரைந்தவர் எனக் கருதப்படும் மைக்கேல் சாட்லர், முன்னர் கருங்காட்டுப் பகுதித் துறவு மடம் ஒன்றில் தலைமைப் பொறுப்பு வகித்தவர்.

இவ்வேழனுள் ஆட்சியாளரைப் பெரிதும் அச்சுறுத்தியவை இறுதி இரண்டுமே. துருக்கியர் படை ஹங்கேரியை வென்று வியன்னாவை நோக்கிக் கண்வைத்திருந்த காலம் அது. துருக்கியர் படையெடுத்து வந்தாலும் அவரை வாளால் எதிர்த்தல் கூடாது எனச் சாட்லர் கற்பித்தது, அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவர் அதனை மறுக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் நாவறுத்து, உடலைக் கொறடாற் பிய்த்து, உயிரோடு எரித்தனர். சில நாட்களில் அவர் மனைவி மார்கரெட்டாவும் நீரில் மூழ்கடிக்கப்பட்டார்.

ஆயினும் மறுமுழுக்காளர் அனைவரும் ஒரே கொள்கையினர் அல்லர். பல்தசார் ஹூப்மையர் என்னும் பேரறிஞர் முழுக்குக் கொள்கையை ஏற்றவர். ஆனால் ஆட்சியாளர்க்கு வாள் தேவை என்றவர். சமய வேற்றுமைக்காக மனிதரை எரிப்போரே உண்மையான சமயப் பகைவர் என்று 1524-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவரும் அவரே. அவரை 1528 மார்ச்சில் வியன்னாவில் எரித்தனர். அவர் மனைவியை டானூப் ஆற்றில் எறிந்தனர்.

1529-ஆம் ஆண்டு ஸ்பையர் நகரில் பேரரசின் மன்றம் கூடியது. லூதரைச் சார்ந்த சிற்றரசர், தங்கள் மனச்சான்றுக்கு மாறான முடிவைப் பெரும்பான்மை வாக்கால் திணித்தல் தகாது என அங்கே எதிர்ப்புரை வழங்கினர். புரொட்டஸ்டண்டு என்னும் பெயர் அவ்வெதிர்ப்புரையினின்றே பிறந்தது. அதே மன்றம், அதே ஏப்ரல் திங்களில், மறுமுழுக்காளர் அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, கொல்லப்பட வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. பண்டைய உரோமச் சட்டத்தை அதற்கு மேற்கோளாகக் காட்டினர். தங்கள் மனச்சான்றுக்கு உரிமை கேட்டவர்கள் பிறர் மனச்சான்றுக்கு அதனை அளிக்கவில்லை. லூதரும் 1528-இல் இவ்வேழைகள் கொல்லப்படுவதற்கு வருந்தி எழுதியவர். பின்னாளில் மரணதண்டனைக்கு இசைந்து கையொப்பமிட்டார். ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசர் பிலிப்பு ஒருவர், நம்பிக்கையின் பொருட்டு எவரையும் கொல்வதில்லை என்னும் உறுதியைக் கடைப்பிடித்தமை குறிப்பிடத்தக்கது.

மூன்ஸ்டர் நகரின் கதை

துன்புறுத்தல் மிகமிக, உலக முடிவு நெருங்கிவிட்டது என்னும் எண்ணமும் மக்களிடையே மிகுந்தது. மெல்கியோர் ஹோஃப்மன் என்னும் தோல் வணிகர் இவ்வெண்ணத்தை நெதர்லாந்திலும் வட ஜெர்மனியிலும் பரப்பினார். 1533-இல் அவர் ஸ்ட்ராஸ்பர்க் சிறையில் அடைபட்டபின், ஹார்லெம் நகர ரொட்டிக் கடைக்காரராகிய யான் மத்தைஸ் என்பவர் தலைமை ஏற்றார். 1534 பிப்ரவரியில் மூன்ஸ்டர் நகரமன்றத் தேர்தலில் மறுமுழுக்காளர் வென்று, நகர் அவர் கைக்கு வந்தது.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் பெருந்துயரம். முழுக்குப் பெற மறுத்தோர் கடுங்குளிரில் நகரை விட்டு விரட்டப்பட்டனர். எஞ்சினோர் கட்டாயமாக முழுக்குப் பெற்றனர். நம்பிக்கையில் வற்புறுத்தல் கூடாது என்பதற்காகவே பிறந்த இயக்கம், அதிகாரம் கைக்கு வந்த அன்றே வற்புறுத்தலைத் தொடங்கிவிட்டது. விவிலியம் ஒழிந்த ஏனைய நூல்கள் எரிக்கப்பட்டன. பணமும் தனியுடைமையும் ஒழிக்கப்பட்டன. ஆயர் பிரான்ஸ் வான் வால்டெக் நகரை முற்றுகையிட்டார். ஈஸ்டர் திருநாளில் சிறு கூட்டத்துடன் பகைவர்மீது பாய்ந்த மத்தைஸ் வெட்டுண்டு இறந்தார். அவருக்குப் பின் வந்த லைடன் நகரத் தையற்காரர் யான், ஆடவர் பல மனைவியரை மணக்கலாம் எனச் சட்டம் செய்து, செப்டம்பரில் தம்மை அரசராகவும் அறிவித்தார். நகரத்துள் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1535 சூன் மாதத்தில் நகர் வீழ்ந்தது. 1536 சனவரியில் யானும் அவர் துணைவர் இருவரும் பழுக்கக் காய்ச்சிய கொறடாற் சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகளை, லம்பெர்ட்டுக் கோயிற் கோபுரத்தில் இன்றும் காணலாம்.

பதினாறு மாதங்கள் நடந்த இவ்வாட்சி, நானூறு ஆண்டுகள் மறுமுழுக்காளர் பெயருக்கு மாசாயிற்று. வாளைத் தொடாத உழவன் ஒருவன் எங்கேனும் பிடிபட்டாலும், "இவனும் மூன்ஸ்டர்க்காரனே" எனத் தீர்ப்புக் கூறுவது எளிதாயிற்று.

மென்னோவும் ஹூட்டரும்

சிதைந்த கூட்டத்தை அமைதி வழியில் ஒன்று சேர்த்தவர் மென்னோ சைமன்ஸ். பிரீஸ்லாந்தில் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர் அவர். 1531-இல் லேவார்டன் நகரில் ஒரு தையற்காரர் மறுமுழுக்குப் பெற்றதற்காகத் தலை வெட்டப்பட்ட செய்தி அவர் உள்ளத்தில் ஐயத்தை எழுப்பியது. 1536 சனவரியில், மூன்ஸ்டரின் வீழ்ச்சியால் இயக்கமே இகழப்பட்ட வேளையில், பதவியைத் துறந்து அவர்களுடன் சேர்ந்தார். 1542-இல் பேரரசர் ஐந்தாம் சார்லசு அவர் தலைக்கு 100 பொற்காசு விலை வைத்தார். மனைவி மக்களுடன் ஊர் ஊராக மறைந்து வாழ்ந்தும் 25 ஆண்டுகள் சபைகளைக் கட்டி வளர்த்து, 1561-இல் இயற்கையாகவே உயிர் நீத்தார். அவர் வழியினரே மென்னோனைட்டுகள். அவர்களினின்றும் 1693-இல் யாக்கோப் அம்மன் தலைமையில் பிரிந்தோர் அமிஷ் எனப்படுவர்.

மொராவியாவில் மற்றொரு பிரிவு வளர்ந்தது. 1528-ஆம் ஆண்டு நிக்கல்ஸ்பர்க்கினின்றும் வெளியேறிய ஏறத்தாழ இருநூறு பேர், வழியில் ஒரு மேலாடையை நிலத்தில் விரித்து, ஒவ்வொருவரும் தம் உடைமையை அதில் இட்டுப் பொதுவாக்கினர். பின்னர் இவர்களை ஒழுங்குபடுத்திய யாக்கோப் ஹூட்டர் 1536-இல் இன்ஸ்புருக்கில் எரிக்கப்பட்டார். மூன்ஸ்டரில் கட்டாயத்தால் வந்த பொதுவுடைமை ஓராண்டில் அழிந்தது. இங்கே விருப்பத்தால் வந்த பொதுவுடைமை, மொராவியா, டிரான்சில்வேனியா, உக்ரேன் என நாடு விட்டு நாடு துரத்தப்பட்டும், 1874 முதல் அமெரிக்காவில் வேரூன்றி இன்றும் வாழ்கின்றது.

எஞ்சி நின்ற பயன்

1569-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்னும் ஊரில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையினின்றும் தப்பி, உறைந்த நீர்நிலை ஒன்றைக் கடந்து ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிப்பாளம் உடைந்து நீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். அதனால் பிடிபட்டு, மே 16-இல் எரிக்கப்பட்டார். 1660-இல் வெளிவந்த 'தியாகியர் கண்ணாடி' என்னும் பெருநூல் இந்நிகழ்ச்சியையும் இதுபோன்ற நூற்றுக்கணக்கான வரலாறுகளையும் தொகுத்துரைக்கின்றது. அதில் இடம்பெற்ற மறுமுழுக்காளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் ஆவர்.

காலப்போக்கில் கொலைகள் குறைந்தன. ஆணையிட மறுத்த மென்னோனைட்டுகளை வருத்த வேண்டா என ஆரஞ்சு வில்லியம் 1577-இல் மிடல்பர்க் நகரத்தார்க்குக் கட்டளையிட்டார். ஆணையிடாதவனும் நல்ல குடிமகனாக வாழக்கூடும் என்பதை அந்நாட்டு வாழ்க்கை மெய்ப்பித்தது. சூரிச்சில் இறுதியாக ஹான்ஸ் லாண்டிஸ் என்னும் முதியவர் 1614-இல் கொல்லப்பட்டார்.

இவர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் காலத்திற்கேற்ப மாறிவந்துள்ளது. பழைய நூல்கள் மூன்ஸ்டரைக் கொண்டே அனைவரையும் அளந்தன. ஏங்கெல்ஸ் 1850-இல் முன்ட்சரை வர்க்கப் போராட்டத்தின் முன்னோடியாகக் கண்டார். 1944-இல் ஹெரால்டு பெண்டர் சூரிச்சின் அமைதிவழியே உண்மையான மூலம் என நிறுவ முயன்றார். 1975-க்குப் பின் வந்த அறிஞர்களோ, சூரிச், தென் ஜெர்மனி, நெதர்லாந்து எனப் பல ஊற்றுகள் தனித்தனியே தோன்றின எனக் காட்டினர். வாளும் அமைதியும் அவ்வூற்றுகளில் கலந்தே ஓடின என்பதே இன்றைய பொதுக் கருத்தாகும்.

2004-இல் சூரிச்சில் லிம்மாத் கரையில் மான்சுக்கும் அவரைப் போல் மாண்டோர்க்கும் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. 2010-இல் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய உலக லூதரன் கூட்டமைப்பு, முன்னோர் இழைத்த கொடுமைக்காக மென்னோனைட்டுகளிடம் மன்னிப்பு வேண்டியது. ஐந்நூறாண்டு நிறைந்த 2025-இல் உலகின் பல நாடுகளிலிருந்தும் அவர்தம் வழித்தோன்றல்கள் சூரிச்சில் கூடினர்.

சமயத்தில் அரசு தலையிடுதல் தகாது என்பது இன்று பல நாடுகளின் அரசியல் சட்டங்களில் எழுதப்பட்டுள்ளது. அதனை மறுமுழுக்காளரே உலகிற்கு அளித்தனர் எனக் கூறுவது மிகையாகும். வேறு பலர் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் அவ்வெண்ணத்தைச் சொல்வதே குற்றமாயிருந்த காலத்தில், அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தோருள் இவர்கள் முன்வரிசையில் நிற்பவர். மூன்ஸ்டரில் அதே கூட்டத்தார் சிலர் பெற்ற சிறிது கால அதிகாரமோ, அவ்வெண்ணத்தை மறப்பது எவ்வளவு எளிது என்பதையும் காட்டிச் சென்றது. இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிப்பதே இவ்வரலாற்றைப் பயிற்றும் ஆசிரியரின் கடமையாகும்.